கப்பலடியில் மூச்சுக்கு மாற்று வழி

சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ கப்பலுக்கு அடியில் இறங்கும் டைவருக்குக் கண் பெரிதாக உதவாது. சேறும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் நீட்டிய கையே தெரியாத நாட்கள் உண்டு. கொட்டலசைச் சுரண்டுவதும், புரொப்பல்லரில் சுற்றிய கயிற்றை அறுப்பதும் தடவித் தடவித்தான் நடக்கும். காசிமேட்டு விசைப்படகின் புரொப்பல்லரில் வலை சிக்கினால் கத்தியோடு குதிக்கிறவருக்கும் இதே இருட்டுதான். ஆனால் படகுக்கு அடியில் இருப்பவர் ஒரே எத்தில் வெளியே வந்துவிடலாம். பெரிய நிலக்கரிக் கப்பலின் அடிப்பகுதியோ நாற்பது மீட்டரையும் தாண்டிய அகலம் கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்டால் தலைக்கு மேல் இரும்புக் கூரைதான். அங்கே காற்று நின்றால் இன்னொரு வழி உண்டா என்பதை இறங்கும் முன்பே கேட்டாக வேண்டும்.

கணக்கு எளிது. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடும்; ஒவ்வொரு மூச்சும் அதே விகிதத்தில் கூடுதல் காற்றைத் தின்னும். கரையில் கடும் வேலை செய்பவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால், 15 மீட்டரில் அது 100 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் இருப்பது 2,400 லிட்டர். அதாவது, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாலும் 24 நிமிடம். இதனால்தான் சர்வதேசக் கடல்சார் ஒப்பந்ததாரர் சங்கமான இம்கா, வணிகப் பணிகளுக்கு ஸ்கூபா ஏற்றதல்ல என்கிறது. மேலிருந்து குழாய் வழியே காற்று வரவேண்டும். முதுகில் அவசரத்துக்குத் தனியாக ஒரு சிலிண்டரும் இருக்கவேண்டும்.

மாற்றுக் காற்றை முதுகிலேயே சுமக்க இன்னொரு வழி இரட்டைச் சிலிண்டர். அந்த வழக்கம் வளர்ந்தது ஆழ்கடல் டைவர்களிடமும் குகை டைவர்களிடமும். நமக்கு அருகிலுள்ள உதாரணம் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தனர். 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கும் அதைக் காண இரட்டைச் சிலிண்டரோடு போகிறார்கள். அங்கே சாவகாசமாக மிதப்பவருக்கும் நிமிடத்துக்கு 120 லிட்டர் வேண்டும்; இரண்டு சிலிண்டரின் 4,800 லிட்டரும் 40 நிமிடத்தில் காலி. நினைத்தவுடன் மேலே வரவும் முடியாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, வழியில் நின்று நின்றுதான் வரவேண்டும்.

அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி, குகைகளில் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979-ல் ஒரு கையேடு எழுதினார். அதில் வற்புறுத்திய விதிகளில் ஒன்று: காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. நல்ல விதிதான், ஆனால் ஹெர்மிஸின் ஆழத்தில் அது போதாமலும் போகலாம். பதறிய இருவர் ஒரே காற்றைப் பகிர்ந்து, கரைக் கணக்கில் ஆளுக்கு 30 லிட்டர் வீதம் இழுத்தால், அடியிலேயே நிமிடத்துக்கு 360 லிட்டர் கரையும். மிச்சம் வைத்த 1,600 லிட்டர் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. ஆழத்துக்கு ஏற்பப் புதிதாகக் கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

இனி வால்வு. இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குழாயில் மூன்று திருகுகள்: வலது, இடது, நடுவில் இரண்டையும் பிரிக்கும் ஐசொலேட்டர். மூச்சுக்குக் காற்று தரும் வலப்பக்க ரெகுலேட்டர் சீறினால் வலதை மூடிவிட்டு இடப்பக்கத்து ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு சிலிண்டர் காற்றும் அதன் வழியே கிடைக்கும். எங்கே கசிகிறது என்றே புரியாவிட்டால் முதலில் நடுத்திருகை மூடுவது நல்லது. பாதிக் காற்றாவது தப்பும். ஆனால் அதை மூடியபடியே நிரப்பிவிட்டால் ஒரு சிலிண்டர் நிறையும், மற்றது வெறுமையாகக் கிடக்கும். கேஜ் காட்டுவதோ ஒன்றின் அழுத்தத்தை மட்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. குகைக் கூரையில் உரசி முன்னே நகர்ந்தால் இடப்பக்கத் திருகு மெல்ல மூடிக்கொள்ளும், வலப்பக்கத்தது திறக்கும். குகைக்குச் சொன்ன இந்த எச்சரிக்கை கப்பலடிக்கும் அப்படியே பொருந்தும்.

பாதி திறந்த வால்வும் ஏமாற்றும். சும்மா இருக்கும்போது கேஜ் 200 காட்டும். ஆழத்தில் காற்று போதாது. கேஜைப் பார்த்தபடி நாலைந்து முறை இழுத்து மூச்சுவிட்டால் முள் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நிமிட வேலை இது. எத்தனை அவசரமானாலும் விடக் கூடாது. கையைப் பின்னே வளைத்து மூன்று திருகையும் தானே மூடித் திறக்க முடியாதவர் முதுகில் இரட்டைச் சிலிண்டர் வெறும் பாரம் என்றே நினைக்கிறேன்.

எண்ணூர் வட்டாரத்தில் சிலிண்டருக்குள் அடைபடும் காற்று சுத்தமானதா என்றும் கேள்வி கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. நெடி தாங்காமல் மக்கள் குழந்தைகளோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். அம்மோனியாவாவது மூக்குக்குத் தெரியும். டீசல் கம்ப்ரசரின் புகை அதன் உறிஞ்சு குழாய்க்கே திரும்பினால் கலக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கரையில் பத்து லட்சத்தில் 20 பங்கு என்றிருப்பது 30 மீட்டரில் 80 பங்குக்குச் சமமாக நுரையீரலைத் தாக்கும். தூத்துக்குடியில் கம்ப்ரசர் குழாயை நம்பிச் சங்கு குளிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். அந்த ஒற்றைக் குழாய் மடங்கினாலோ அறுந்தாலோ மாற்றில்லை.

கப்பலடி வேலைக்கு ஒப்பந்தம் போடும் நிறுவனங்கள் டெண்டரிலேயே இவற்றைக் கேட்கலாம்: ஒவ்வொரு டைவருக்கும் தனிச் சிலிண்டரில் மாற்றுக் காற்று, மேலே உடை மாட்டித் தயாராக நிற்கும் இன்னொரு டைவர், காற்றைச் சோதித்த சான்று, வால்வு மூடித் திறக்கும் பயிற்சிப் பதிவு. குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற நிலையில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் செலவுதான். அதனால் இதைப் போட்டிக்கு வெளியே நிறுத்தி, தனித் தொகையாகவே கொடுத்துவிட வேண்டும். இறங்கும் முன் அவசரச் சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று, டைவர் தவிர இன்னொருவரும் கையால் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.