உப்பிய பேக்கும் உலர்ந்த புல்லும்

"பேட்டரி வெடித்தது" என்று செய்தியில் படிக்கும்போது, பேட்டரி தானாக ஒரு முடிவுக்கு வந்து வெடித்துவிட்டதுபோல் தோன்றும். ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானங்களில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி, பறக்கவிடுகிறவர்கள் பேச்சில் லிப்போ. அது சொல்லாமல் கொள்ளாமல் தீப்பிடிப்பது அபூர்வம். பெரும்பாலும் அதற்கு முன்பே பேட்டரி பேக் உப்பியிருக்கும், ஒரு செல்லின் வோல்ட் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும், சார்ஜ் ஏறும்போது தொட்டால் சுடும். இவற்றைக் கவனித்துக் குறித்து வைக்கிறவருக்கு இரட்டைப் பலன். வீடும் காடும் தப்பும். குறை பேட்டரியில்தான் என்றால் இழப்பீடு கேட்கவும் கையில் ஆதாரம் இருக்கும். நுகர்வோர் உரிமை ஒரு பக்கம், பாதுகாப்புப் பழக்கம் இன்னொரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். லிப்போவில் அந்தப் பிரிவினை செல்லாது.

கைக்கு அடங்கும் ஒரு பேக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று செல், 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி. அதில் அடங்கிய மின்சாரம் சுமார் 24 வாட் மணி, கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எரியும்போது உள்ளிருக்கும் வேதிப்பொருட்களின் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். "செல்போனிலும் இதே லித்தியம்தானே, அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறோமே" என்பார்கள். முதலில், அதுவும் நல்ல பழக்கமல்ல. அடுத்து, போன் நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் செலவழிப்பதைப்போல் அல்லாமல், விமானம் ஆறு நிமிடத்தில் 20 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சித் தீர்க்கிறது. போன் பேட்டரியில் அளவு மீறினால் துண்டிக்கும் காப்புச் சுற்று உண்டு, மாதிரி விமான பேக்குகளில் பொதுவாக அது கிடையாது. மெல்லிய அலுமினியப் பைக்குள் நேர், எதிர் தகடுகள் அடுக்கியிருக்கின்றன. அவை ஒட்டாமல் காப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதை நனைத்திருப்பது எரியக்கூடிய திரவம். ஒரு மோதலில் சவ்வு கிழிந்தாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிச் சூடேறினாலோ தகடுகள் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும். நேர்த்தகட்டின் வேதிப்பொருளே ஆக்சிஜனைத் தருவதால், போர்வை போட்டு மூடினால் அணைந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

செல் ஒன்றுக்கு 4.20 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாமலும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காமலும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சார்ஜர் பேலன்ஸ் முறையில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பேக்கில் வேறு அளவு குறிப்பிடாவிட்டால், 2200 பேக்குக்கு 2.2 ஆம்பியர் வேகம் போதும். பலரும் கோட்டைவிடும் இடம் வேறொன்று. நாளைக் காலை பறக்கலாம் என்று முழுச் சார்ஜ் ஏற்றி வைப்பார்கள், விடிந்தால் ஏற்காட்டில் பனிமூட்டம் எதிரே இருக்கும் மரத்தைக்கூடக் காட்டாது. பேக் அப்படியே அலமாரியில் வாரக்கணக்கில் கிடக்கும். முழுச் சார்ஜில் சும்மா கிடக்கும் பேக் சீக்கிரம் கெடும், உப்பும். பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இறக்கி வைக்க வேண்டும். அதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்ற வசதி பெரும்பாலான பேலன்ஸ் சார்ஜர்களில் உண்டு.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உயரமும் இதில் பங்கெடுக்கிறது. சுமார் 1500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. சேலத்தில் மிதமான வேகத்தில் மிதக்கும் அதே விமானம் மேலே தாக்குப்பிடிக்க சுமார் 6 சதவீதம் வேகமாகப் போயாக வேண்டும். பேட்டரிக்கு இழுப்பு கூடும், தரையிறங்கும்போது அடியும் பலமாக விழும். மார்கழிக் குளிரில் பேக்கின் உள்மின்தடை ஏறி, வோல்ட் எதிர்பார்த்ததற்கு முன்பே சரியும். சமவெளியில் வைத்த டைமரை இங்கே நம்பக் கூடாது. சித்திரையிலோ, சேலத்து வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பேக்கை வைத்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்ததும் சார்ஜரில் மாட்டுவது ஆபத்து. அது ஆறும்வரை பொறுத்தாக வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய வேறுபாடு, விழும் இடம். சமவெளித் திடலில் விழுந்தால் ஓடிப்போய் எடுத்துவிடலாம். இங்கே காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் உச்சியில் மாட்டும், அல்லது சரிவில் மறைந்துவிடும். நசுங்கிய லிப்போ அந்த நிமிடமே எரிய வேண்டும் என்பதில்லை, சற்று நேரம் கழித்தும் புகையத் தொடங்கலாம். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லுக்கு அந்தப் பொறி போதும். மலைச்சரிவில் புல் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பார்த்தோம். மலையேறச் சென்ற 20 பேருக்கும் மேல் அந்தத் தீக்குப் பலியானார்கள். அதன் காரணம் வேறு, பேட்டரி அல்ல. ஆனால் புல்லுக்குப் பொறியின் பிறப்பிடம் தெரியாது. ஆகவே கோடையில் வனத்தை ஒட்டிப் பறக்கவிடாமல் இருப்பதே நல்லது. காப்புக்காட்டுக்குள் விழுந்துவிட்டால் தேடி நுழையாமல் வனத்துறைக்கு உடனே சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் உள்ளே போவது தனிக் குற்றம். கையில் கிடைத்த அடிபட்ட பேக்கையும் காரில் போடாமல், வெறும் பாறைமீது அரைமணி நேரமாவது தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஆபத்து பெரும்பாலும் சார்ஜ் ஏறும் நேரத்தில் வருகிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் விட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். உயிரைப் பறித்தது புகை. விமான பேக் அதைவிட மிகச் சிறியதுதான், ஆனாலும் அதன் புகையும் நச்சு. "தீத்தடுப்புப் பை வாங்கிவிட்டேன்" என்பது இதற்குப் பதிலாகாது. பை தீயைக் கொஞ்சம் தடுக்கும், புகையைத் தடுக்காது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது, சிமெண்ட் தரையில், ஜன்னல் திறந்து, மணல் வாளியோடு சார்ஜ் ஏற்றினால் போதும். தீப்பிடித்தால் முதலில் வெளியேற வேண்டும், பிறகு 101. சார்ஜரின் மின் இணைப்பைத் துண்டித்தபின், தள்ளி நின்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். இதற்குள் உலோக லித்தியம் இல்லாததால் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்ற பயம் தேவையில்லை.

இவ்வளவும் செய்தும் பேக் எரிந்தால்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழி செய்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை மட்டுமல்ல, போதிய எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் தராமல் விற்றதும் தயாரிப்பாளரின் பொறுப்பே. தயாரித்தவர் யாரென்றே தெரியாத வெளிநாட்டுப் பேக்குக்கு விற்றவரிடமே கேட்கலாம். சேலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம், 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். ஆனால் அதே சட்டத்தின் 87-ஆவது பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் பொறுப்பல்ல என்கிறது. எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளும் கொம்பு இதுதான். ரசீது, பேக்கின் மேலட்டைப் படம், ஒவ்வொரு சார்ஜுக்கும் செல் வோல்ட் எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு, இவை மூன்றும் அப்போது வக்கீலுக்குச் சமம். வாங்கும்போதே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைத் தவிர்ப்பது இன்னும் மேல்.

"பொழுதுபோக்குக்குப் போய் இத்தனை கெடுபிடியா" என்ற அலுப்பு புரிகிறது. அரசும் அதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2021 டிரோன் விதிகள், கண்பார்வைக்குள் பொழுதுபோக்காகவோ கற்கவோ பறக்கவிடும் 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம் என்று விட்டுவிட்டன. வானத்தில் அவ்வளவு தாராளம் காட்டப்பட்டிருக்கும்போது, சார்ஜர் மேசையின் பொறுப்பு பறக்கவிடுகிறவருடையதாகிறது. ஆயுள் முடிந்த பேக்குக்கு மட்டும் சட்டம் நேராகவே வழி சொல்கிறது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ தர வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று கைவைத்தியம் சொல்வார்கள். முனைகள் அரித்துப் போய், உள்ளே சார்ஜ் மிச்சமிருக்கும்போதே காலியானதுபோல் காட்டும், அவ்வளவுதான். உப்பாத, அடிபடாத மூன்று செல் பேக் என்றால், வெட்டவெளியில் 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை மாட்டி அது அணையும்வரை கூடவே இருந்து பார்க்கலாம். பிறகு முனைகளை டேப்பால் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துச் சேலத்துக்கு இறக்கிவிடலாம். உப்பியதையோ நசுங்கியதையோ குத்திப் பார்க்காமல், பல்பும் மாட்டாமல், முனைகளை மட்டும் ஒட்டி அதே மணல் டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, எடுத்துச் செல்பவரிடம் அதன் நிலையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.