பயணத்துக்கு ஒரு பை



கல்லூரிகள் திறக்கும் காலம் வந்துவிட்டால், கடைத்தெருவிலே பைக் கடைகளின் முன்னால் பெற்றோரும் பிள்ளைகளுமாய்க் கூடி நிற்கக் காண்கிறோம். நிறத்தைப் பார்க்கிறார்கள், அறைகள் எத்தனை என்று எண்ணுகிறார்கள், விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். அந்தப் பை எந்த இடத்தில் அறும் என்பதை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி வாங்கியவன்தான். அதற்கு நான் கொடுத்த விலை பையின் விலையைவிடப் பெரிது.

2012ஆம் ஆண்டு, ஐப்பசி மழைக் காலம். வேலை ஒன்றின் பொருட்டுச் சான்றிதழ்களைக் காட்டுவதற்காகத் திருச்சியிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டேன். விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாற வேண்டும். என் தோளில் கிடந்தது வாங்கி எட்டு மாதமே ஆன முதுகுப்பை. உள்ளே இரண்டு நாளைக்கான உடை, நாலைந்து புத்தகங்கள், பட்டங்கள், மதிப்பெண் பட்டியல்கள். நடைமேம்பாலத்தின் படிகளில் கூட்டத்தோடு கூட்டமாய் விரைந்து இறங்குகையில், வலப்பக்கத்துத் தோள்வார் அடியோடு பிடுங்கிக்கொண்டது. பை உருண்டுபோய், மழைநீர் தேங்கிய கீழ்ப்படியிலே வாய் பிளந்து கிடந்தது. தாள்களைப் பொறுக்கி எடுத்து நிமிர்வதற்குள் புதுச்சேரி வண்டி போய்விட்டது. பட்டியல் ஒன்றில் இருந்த கையொப்பம் நீலத் தீற்றலாய்ப் பரவியிருந்தது.

நிலையத்துக்கு வெளியே சாக்கு விரித்துச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பையைக் கொடுத்தேன். “துணி கிழிஞ்சுபோச்சு ஐயா” என்றேன். அவர் பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினார். சற்று நேரம் பார்த்தார். “துணி நல்லாத்தான் இருக்கு தம்பி. வாரை அரை விரல்தான் உள்ளே விட்டுத் தைச்சிருக்கான். அதுவும் ஒத்தைத் தையல்” என்றார். பிறகு வாரை ஒரு சாண் உள்ளே இழுத்து, பின்னால் தோல் துண்டு ஒன்றை வைத்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். மறுநாள் எனக்கு வேலை கிடைக்காமற் போனதற்கு அந்த நீலத் தீற்றலே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அந்தப் பட்டியலுக்கு மறுபடி வாங்க நான்கு மாதம் அலைந்தேன்.

அம்முதியவர் சொன்ன இரண்டு வாக்கியங்களை விரித்துரைப்பதுதான் இந்தப் பேச்சு. பை துணியில் கிழிவதைவிட இணைப்பில் அறுவதே அதிகம். நாமோ துணியைத் தடவிப் பார்த்து விலை கொடுக்கிறோம்!

துணியைப் பற்றிக் கடைக்காரர் ‘டெனியர்’ என்றொரு கணக்குச் சொல்வார். இது மந்திரமன்று. 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர் அந்நூல். ஆகவே 1,000 டெனியர் நூலை 9 கிலோமீட்டர் நீட்டி நிறுத்தால் ஒரு கிலோ இருக்கும். இது நூலின் பருமனைச் சொல்கிறதேயன்றி வலிமையைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டூபான்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் என்னும் வேதியியலார் கண்ட நைலான், உராய்வைத் தாங்குவதில் பாலியெஸ்டரினும் மேலானது. பாலியெஸ்டரோ நீரைக் குறைவாக உறிஞ்சும். வெயிலையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். மாணவர் ஒருவரின் பைக்கு 400 முதல் 600 டெனியர் வரையுள்ள நல்ல நைலான் போதுமானது. அதற்குமேல் போனால் பை கனக்கும். அந்தக் கனத்தையும் நாமே சுமக்க வேண்டும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு இக்கனம் இன்னும் பெரிய விஷயம். நம் உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ என்பதே பெரும்பாலும் வழக்கம். நீள அகல உயரங்களைக் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உருளை வைத்த பெட்டி சிலவேளை தானே 3 கிலோ இருக்கிறது! 1972இல் சேடோ என்பவர் பெட்டிக்கு உருளை வைத்துக் காப்புரிமை பெற்றார். 1987இல் பிளாத் என்ற விமானி, நிமிர்த்தி இழுக்கும் பெட்டியையும் நீளும் கைப்பிடியையும் அமைத்தார். வழவழப்பான விமான நிலையத் தளத்துக்கு அவை அருமையானவை. படிக்கட்டுக்கும் சரளைக் கல்லுக்கும் தோளே தேவலை என்பது என் கட்சி.

இனி இணைப்புகளுக்கு வருவோம். பையை வாங்குமுன் கூச்சப்படாமல் அதை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தோள்வார் பையோடு சேரும் இடத்தில் ஒற்றைக் கோடாய்த் தையல் ஓடியிருந்தால் வைத்துவிடுங்கள். நாற்புறமும் சதுரமாய்த் தைத்து, நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்கேயும் தைத்திருக்க வேண்டும். அல்லது நெருக்கமான குறுந்தையல்களால் இறுக்கியிருக்க வேண்டும். அப்பொழுது இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பரந்த இடத்தில் பகிர்ந்துகொள்ளப்படும். இந்த உண்மையை நெடுநாள் முன்பே கண்டவர் ஒரு தையற்காரர். அமெரிக்காவில் ரீனோ நகரத்து ஜேக்கப் டேவிஸ், உழைப்பாளிகளின் காற்சட்டைப் பைகள் மூலையிலேதான் கிழிகின்றன என்று கண்டு, அம்மூலைகளில் செப்பு ஆணி அடித்தார். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் துணியை மாற்றவில்லை, மூலையைத்தான் மாற்றினார்.

தையல் நெருங்க நெருங்க நல்லது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு ஊசிக் குத்தும் துணியில் ஒரு துளை. துளைகள் மிகவும் நெருங்கினால், தபால்தலைகளைப் பிரிக்கும் துளைவரிசைபோல் அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். உள்ளோரங்களில் துணியின் நூல்கள் பிரிந்து தொங்குகின்றனவா, நாடா வைத்து மடித்துத் தைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

அடுத்த நோயாளி ஜிப். இன்று நாம் காணும் ஜிப்பின் வடிவத்துக்கு 1917இல் காப்புரிமை பெற்றவர் சுண்ட்பேக் என்னும் பொறியாளர். ஜிப்புக்கும் எண்கள் உண்டு. 5, 8, 10 என்பன மூடிய பல்வரிசையின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் குறிப்பன. முதன்மையான அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் நிம்மதி. பிதுங்கப் பிதுங்க அடைத்த பையை முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுக்கிறோமே, அப்பொழுது தேய்வது பெரும்பாலும் பற்களல்ல, அவற்றின்மேல் ஓடும் ரன்னர்தான். ரன்னர் தேய்ந்து வாய் அகன்றுவிட்டால், அது ஓடிய பின்னும் பற்கள் சேராமல் விலகி நிற்கும். குறட்டால் மெல்ல அதை நெருக்கிக் கொடுத்தால் இன்னும் சில மாதம் உழைக்கும். அல்லது சிறு தொகைக்கு ரன்னரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதை அறியாமல் எத்தனை நல்ல பைகளைக் குப்பையில் எறிந்திருக்கிறோம்!

நம் ஊர்களுக்கே உரிய ஒரு தொல்லை புழுக்கம். மழைநீர் புகாதிருக்கப் பையின் உட்புறம் பூசப்படும் பாலியூரித்தேன் பூச்சு, காற்றிலுள்ள ஈரத்தால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதையும். பரணில் பத்திரமாய் வைத்த பை ஐந்தாறு மழைக்காலம் கழித்து இறங்கும்பொழுது, உள்ளே பிசுபிசுப்பும் செதிலுமாய் இருப்பது இதனால்தான். தோல்போலத் தோன்றும் மலிவான செயற்கைத் தோலும் இவ்வாறே உரியும். ஆகையால் பையை மூடிக் கட்டி வைக்காமல், அவ்வப்போது காற்றாட நிழலிலே தொங்கவிடுங்கள்.

‘ஆயுள் உத்தரவாதம்’ என்று அச்சிட்ட அட்டை சில பைகளில் தொங்கும். யாருடைய ஆயுள் என்று சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் ஆயுளாக இராது. பையின் ஆயுளாகவே இருக்கும்! என்னைக் கேட்டால், தெருமுனையில் இருக்கும் தொழிலாளி திறந்து தைக்கக்கூடிய பையே நீடித்து உழைக்கும் பை. எங்கும் ஒட்டியும் உருக்கியும் இணைத்த பை, ஓரிடத்தில் விட்டுப்போனால் அவர் கைக்கு அடங்காது.

பை வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். 7 கிலோ அரிசியை அதில் வைத்து, இரண்டு வார்களையும் தோளில் மாட்டி, மாடிப்படியில் ஐந்து முறை ஏறி இறங்குங்கள். பிறகு அதைக் கழற்றி, வார் அடியிலுள்ள தையல்களை விளக்கொளியில் பாருங்கள். ஊசித் துளைகள் நீண்டு வாய் திறந்திருந்தால், ரசீது கையில் இருக்கும்பொழுதே கடைக்குத் திரும்பிவிடுங்கள். சரியாக இருந்தால் அரிசியை எடுத்துவிட்டு உடைகளை வையுங்கள். சான்றிதழ்களை மட்டும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாய் மூடி, நடுவே வையுங்கள்.