உங்களுக்குத் தெரியுமா? சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

● தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் பக்கம் செமஸ்டர் நேரத்தில் களைகட்டும் 'குரூப் ஸ்டடி'க்கு முன்னோடி, அதே ரயில் தடத்தில் உள்ள எழும்பூர்தான்! 1789-ல் அங்கே ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியைக் கவனிக்க வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தவர், தன் பள்ளியிலும் அப்படிக் கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார்; பையன் சாதித்துக் காட்டினான். சக பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைகளுக்கு இது புதிதா என்ன? ஆனால், 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டவர் பெல். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர், மெட்ராஸ் காலேஜ்.

● பெல்லின் சமாதி இருப்பது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். சட்டாம்பிள்ளைகளின் பெயரை யார் எழுதிவைத்தார்கள்?

● 1973-ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம், கான்சாஸ் சிட்டி வளாகத்தில் மாணவரே மாணவருக்குச் சொல்லித்தரும் வழக்கத்துக்குப் புது வடிவம் கொடுத்தது. முன்பே அந்தப் பாடத்தில் நன்றாகத் தேறிய சீனியர், மறுபடியும் அதே வகுப்பில் போய் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பிறகு ஜூனியர்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். குறி வைப்பது மக்கு மாணவனை அல்ல, பலரும் கோட்டை விடும் பாடத்தை. யார் வேண்டுமானாலும் வரலாம். 'அரியர் வைத்தவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ்' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டி மானத்தை வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்!

● மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்? சாரிடம் கேட்கக் கூசும் சந்தேகத்தை அண்ணாவிடமோ அக்காவிடமோ கூசாமல் கேட்கலாம் என்பார்கள். போன வருஷம் தான் இடறிய இடம் அவருக்கு மறந்திருக்காதே! புகாரும் உண்டு: "பதிலைச் சொல்லிடுங்கண்ணா" என்றால், பயிற்சி பெற்ற சீனியர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். விஷயமே அதுதான்.

● சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937-ல். விடுதிகளை அங்கே 'ஹால்' என்பார்கள்: சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர். சீனியரும் ஜூனியரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், சந்தேகம் கேட்க நேரம் காலம் ஏது?

● அதிக லாபம் சொல்லிக்கொடுப்பவருக்கே! பிறருக்குக் கற்பிக்கப்போகிறோம் என்று படிப்பவர்களுக்குப் பாடம் நன்றாகப் பதிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் டீ வாங்கித் தரவேண்டியது ஜூனியரா, சீனியரா?