கண் அறிந்ததைக் கை எட்டும்வரை

வின்சென்ட் வான் கோவின் தோல்வி என்றதும் நாம் வழக்கமாகக் கேள்விப்படுவது ஒரே கதைதான்: உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்க ஆளில்லை, இறந்த பிறகு அவை கோடிக்கணக்கில் விலைபோகின்றன. அதில் உண்மை இருக்கிறது. 1890-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 400 ஃபிராங்குக்கு விற்றது. அதுபோலச் சொல்லிக்கொள்ள வேறு விற்பனை அதிகம் இல்லை. ஆனால் புதிதாக எழுதவோ வரையவோ பாடவோ தொடங்கியிருப்பவருக்கு இந்தக் கதையால் பயன் குறைவு, கேடும் உண்டு. தன் வேலை சரியாக வராதபோதெல்லாம், உலகத்துக்குத்தான் புரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இது இடம் கொடுக்கிறது. வான் கோவின் வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய தோல்வி வேறொன்று. 1880-இல், தன் 27-ஆம் வயதில், ஓவியராவது என்று அவர் முடிவெடுத்தார். அதிலிருந்து சில ஆண்டுகள்வரை அவர் வரைந்தவற்றில் பல உண்மையாகவே நன்றாக இல்லை. உருவங்கள் மரக்கட்டைபோல விறைத்து நிற்கின்றன, கைகால் அளவுகள் பொருந்தவில்லை, குனிந்தவர் குனிந்ததுபோலத் தெரியவில்லை. அந்தப் படங்களைக் குறை சொன்னவர்கள் குருடர்கள் அல்ல.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தக் குறைகளை மற்றவர்களுக்கு முன்பே அவர் அறிந்திருந்தார். 16 வயதில், 1869-இல், ஹேக் நகரில் கூப்பில் என்ற ஓவிய வணிக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பிறகு லண்டன், பாரிஸ் கிளைகள். 1876-இல் வேலை போகும்வரை ஏழு ஆண்டுகள் ஓவியங்களுக்கும் அச்சுப்பிரதிகளுக்கும் நடுவிலேயே வாழ்ந்தார். நல்ல கோடு எது, நல்ல நிழல் எது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குப் பழகிவிட்டிருந்தது. அதன்பின் ஆசிரியர் வேலை, புத்தகக் கடை, பாதியில் விட்ட இறையியல் படிப்பு, பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் மதப்பணி என்று அலைந்துவிட்டுக் கரித்துண்டைக் கையில் எடுத்தபோது, முதிர்ந்த கண்ணோடு பழகாத கை சேர்ந்தது. படைப்புத் தொழிலில் பலர் ஆரம்பத்திலேயே விலகிப்போவதற்கு இந்த இடைவெளிதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ரசனை உள்ளவருக்குத்தான் தன் முதல் கதையின் செயற்கைத்தனம் உறுத்தும், தன் குரலின் சுருதி விலகல் காதில் விழும். அவரிடம் போய் 'உன்னை நீயே இவ்வளவு குறை சொல்லிக்கொள்ளாதே' என்று தேற்றுவது அன்பான பேச்சு, ஆனால் தவறான ஆலோசனை. அந்தக் குறை காணும் கண் ஒன்றுதான் அப்போது அவரிடம் இருக்கும் முதல்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வான் கோ என்ன செய்தார் என்பது ஓரளவு துல்லியமாகவே தெரியும். அவர் எழுதிய கடிதங்களில் 800-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை, பல இடங்களில் ஒரு பட்டறைக் குறிப்பேட்டைப் படிப்பதுபோலவே இருக்கும். தொடக்கத்தில் அவர் சொந்தப் படம் எதற்கும் அவசரப்படவில்லை. சார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் மாணவர்களுக்காகத் தயாரித்த வரைபயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் மீயேயின் 'விதைப்பவர்' உருவத்தைப் பலமுறை நகலெடுத்தார். தூரக்காட்சியில் கை தடுமாறியது. அதற்காக 1882-இல் ஹேக்கில் ஒரு மரச்சட்டம் செய்துகொண்டார். குறுக்கும் நெடுக்குமாக இழைகள் கட்டிய அந்தச் சட்டத்தை, கொல்லர் செய்துகொடுத்த இரும்பு முனைகள் கொண்ட கால்களில் நிறுத்தி, மண்ணில் ஊன்றிக்கொள்ளலாம். அதன் வழியாகப் பார்த்தால் கூரைகளும் வாய்க்கால்களும் தொலைவில் எப்படிக் குவிகின்றன என்பது இழைகளோடு ஒப்பிட்டுப் பிடிபடும். முகங்கள் வரவில்லை என்று தெரிந்ததும், நியூனன் கிராமத்தில் 1884-85 குளிர்காலத்தில் விவசாயிகளின் தலைகளை மட்டும் 40-க்கும் மேற்பட்ட படங்களாகத் தீட்டினார். இதை வெறும் விடாமுயற்சி என்று சொல்லிவிட்டால் முக்கியமானது நழுவிவிடும். 'எனக்கு வரைய வரவில்லை' என்ற மொத்தத் தோல்வியை அவர் உடைத்து, 'எனக்குத் தூரக்காட்சி வரவில்லை', 'விளக்கொளியில் முகம் வரவில்லை' என்று சிறு சிறு தோல்விகளாக்கினார். மொத்தமாக இருக்கும்வரை தோல்வி மனத்தை அழுத்தும். பெயர் சொல்லிப் பிரித்துவிட்டால் அதற்கென்று ஒரு பயிற்சியைக் கண்டுபிடிக்க முடிகிறது.

அந்தத் தலைகளின் முடிவில் வந்த படம்தான் 1885-இன் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. அதன் கல்லச்சுப் பிரதியைப் பார்த்த நண்பர் அந்தோன் வான் ரப்பார்ட் காட்டமாக எழுதினார்: வலப்பக்க ஆணின் கை ஏன் இவ்வளவு குட்டை, முழங்காலும் வயிறும் எங்கே போயின, இப்படி அக்கறையில்லாமல் செய்யலாமா என்று. வான் கோவுக்குக் கடும் கோபம். அந்த நட்பு பிறகு பழையபடி ஒட்டவே இல்லை. விமர்சனத்தைப் புன்னகையோடு ஏற்றார் என்று எழுதினால் அது பொய். படத்தையும் அவர் கைவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்தும் தான் செய்ததில் அதுவே சிறந்தது என்று நம்பினார். ஆனால் அதே 1885 கோடையில், வயலில் குனிந்து கிளறுபவர்களையும் அறுப்பவர்களையும் பெரிய தாள்களில் வரைந்து குவித்தார். உடலின் கனமும் வளைவும் அவற்றில் முந்தையதைவிட நன்றாகவே இறங்கியிருக்கின்றன. கோபம் வார்த்தைகளோடு நின்றது. கை எங்கே பலவீனமாக இருந்ததோ அங்கே போய் உழைத்தது. விமர்சனத்தைத் தாங்கப் பெரிய மனசு வேண்டும் என்பார்கள். வான் கோவைப் பார்த்தால் அது அத்தனை அவசியமாகத் தெரியவில்லை.

இயற்கையான திறமை எப்படியும் ஒருநாள் வெளிப்பட்டிருக்கும், பயிற்சிக்கு ஏன் பெருமை சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். இதற்கு அவருடைய வண்ணங்களே பதில். நியூனனில் இருந்தபோதே கலை எழுத்தாளர் சார்ல் பிளாங்க்கின் நூல்களின் வழியாக எதிர்நிறங்களின் கோட்பாட்டை அவர் படித்துவிட்டார். ஆனாலும் 1885-இன் படங்கள் மண்ணின் நிறத்தில் இருண்டே கிடந்தன. படித்தது கைக்கு வந்தது 1886-இல் பாரிஸ் போன பிறகு. மாடல்களுக்குக் கொடுக்கக் காசில்லாமல் பூக்களை வரைந்தார்: சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிரே ஊதா என்று ஒவ்வொரு ஜோடியையும் சோதித்தார். வெவ்வேறு நிறக் கம்பளி நூல்களை ஒன்றாகச் சுற்றிய உருண்டைகள் வைத்திருந்த அவருடைய பெட்டி இன்றும் இருக்கிறது; நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் எப்படிப் பேசுகின்றன என்று பார்க்க அது உதவியது. பழைய படங்களின் மேலேயே புதியவற்றைத் தீட்டவும் அவர் தயங்கவில்லை. 1887-இன் 'புல்வெளித் துண்டு' படத்தின் அடியில் ஒரு விவசாயப் பெண்ணின் தலை மறைந்திருப்பதை 2008-இல் எக்ஸ்-ரே ஆய்வு வெளிக்கொண்டுவந்தது. இத்தனைக்கும் பிறகுதான், 1888 ஆகஸ்ட்டில், ஆர்ல் நகரில் அவருடைய சூரியகாந்திப் படங்கள் பிறந்தன. திறமை தானாக விழித்தெழுந்தது என்றால் கோடும் உருவமும் வண்ணமும் ஒருசேர மேம்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எதில் பயிற்சி எடுத்தாரோ அது மேம்பட்டது, பயிற்சிக்குப் பிறகே மேம்பட்டது.

இதைவிடக் கடினமான கேள்வி உண்டு. இப்படியே பாடுபட்டு எங்கும் போய்ச் சேராத எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது. வென்றவரை மட்டும் காட்டி விதி சொல்லலாமா? கூடாதுதான். உளவியலாளர் ப்ரூக் மெக்னமாராவும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியால் விளக்கக்கூடியது சுமார் 21 சதவீதம். பத்தாயிரம் மணிநேரம் உழைத்தால் எவரும் மேதையாகலாம் என்ற பிரபலமான வாக்குறுதியை இந்த எண் கலைத்துவிடுகிறது. பிக்காசோ பதினைந்து வயதுக்குள் எட்டிய வரைதிறனை முப்பதிலும் எட்டாதவர்கள் ஏராளம். ஆனால் அந்த ஆய்வு அளந்தது ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாட்டை. ஒருவர் நேற்றைய தன்னைவிட இன்று முன்னேறுவது வேறு கணக்கு. நான் வாதிடுவது அந்த இரண்டாவதை மட்டுமே. தொடர்ந்து உழைத்தால் வான் கோ ஆகலாம் என்று யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது. குறையைப் பெயர் சொல்லி எடுத்து உழைத்தால் அந்தக் குறை குறையும் என்பதற்கு அவருடைய பத்து ஆண்டுகள் வலுவான சாட்சி. 1890-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புகூட, பார்க்கின் பயிற்சித் தாள்களை அனுப்பச் சொல்லித் தியோவுக்கு எழுதினார். மனித உடலை மறுபடி படிக்க வேண்டுமாம். சூரியகாந்திகளையும் விண்மீன் இரவையும் தீட்டி முடித்த ஒருவர் கேட்டது அது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் நேர்மையாகாது. அந்தத் தாள்கள், வண்ணக் குழாய்கள், மாடல்களின் கூலி, ரொட்டி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் தியோவின் சம்பளம்தான் செலவானது. கூப்பில் நிறுவனத்தின் பாரிஸ் கிளையில் அவர் வேலை பார்த்தார். தோற்றுக் கற்றுக்கொள்ளும் ஆண்டுகளுக்குச் சம்பளம் கிடையாது, அந்தச் செலவை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். வீட்டு வாடகைக்கே திணறும் இளைஞரிடம் விடாமுயற்சியைப் போதித்துவிட்டுத் தியோவின் பெயரைச் சொல்லாமல் விடுவது அநியாயம். வான் கோ இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1884-இல் அவரே ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்: வரும் பணம் இனி உதவித்தொகை அல்ல, தான் அனுப்பும் படங்களுக்கான விலை, படங்கள் தியோவுக்கே சொந்தம். அண்ணன் இறந்து ஆறு மாதத்தில், 1891 ஜனவரியில், தியோவும் இறந்துபோனார். அவருடைய மனைவி யோ அந்தப் படங்களைக் காப்பாற்றினார், கடிதங்களை 1914-இல் பதிப்பித்தார். ஆம்ஸ்டர்டாமில் 1973-இல் திறந்த வான் கோ அருங்காட்சியகத்துக்கு அடித்தளம் அந்தக் குடும்பத் தொகுப்புதான். முதல் ஆண்டுகளின் விறைத்த உருவங்களும் அளவு தவறிய கைகளும் தேதியோடு அங்கே இருக்கின்றன, பிற்காலப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.