நீலப் பூ வேண்டுமா? கோலியஸ் நடுங்கள்

நர்சரிகளில் விற்கும் நீல சால்வியா, டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி. அதன் உறவுக்காரச் செடி ஒன்று கல்வராயன் மலையடிவாரச் செம்மண்ணில் ஏக்கர் கணக்கில் பயிராகியிருக்கிறது. புத்தகங்களில் அதற்குப் பெயர் மருந்துக் கூர்க்கன். கள்ளக்குறிச்சி, ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் கோலியஸ் என்பார்கள். துளசி, சால்வியா, கோலியஸ் மூன்றும் ஒரே குடும்பம். கற்பூரவல்லி இன்னும் நெருக்கம், ஒரே பேரினம்.

வயலில் இதன் பூவுக்கு மரியாதை கிடையாது. காசெல்லாம் வேரில்தான். தடித்துத் திரண்ட அந்த வேரிலிருந்து 1970-களில் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்றொரு மூலக்கூறு இருக்கிறது. ஹார்மோன் கொண்டுவரும் சேதியை உள்ளே சேர்ப்பது அதன் வேலை. அதைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபோர்ஸ்கோலின் அந்த மூலக்கூறைப் பெருகச் செய்கிறது. மருந்து கம்பெனிகள் வேரைத் தேடி வந்தது அதனால்தான். பூ விட்டால் வேர் பெருக்காது என்று விவசாயிகள் கிள்ளி எறிந்துவிடுவார்கள். பாவம் அந்தப் பூ!

கிள்ளாமல் விட்ட கதிர் ஒன்றை உற்றுப் பாருங்கள். வெளிர்நீலம், கொஞ்சம் ஊதா கலந்தது. கீழுதடு தோணி வடிவம். மகரந்தத் தாள்கள் அதற்குள் படுத்திருக்கும். தேனீ வந்து உட்கார்ந்ததும் தோணி தாழும், தாள்கள் வெளிப்பட்டு அதன் வயிற்றில் மகரந்தம் பூசும். சால்வியாவில் இது தலைகீழ்: தேனீ தலையை நுழைத்ததும் நெம்புகோல்போல் தாள் இறங்கி முதுகில் தடவும். ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793-லேயே அதை விவரித்துவிட்டார். குடும்பம் ஒன்று, உத்தி வேறு.

வளர்ப்பது சுலபம். நுனிக்கொம்பில் பத்து, பன்னிரண்டு செ.மீ. வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து நடுங்கள். ஒரு மாதத்தில் வேர் பிடித்துவிடும். ஆனி, ஆடியில் நட்டால் நல்லது. இளஞ்செடியில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். மொட்டு தெரிந்தபின் கை வைக்காதீர்கள். இதற்கு எமன் தேங்கும் தண்ணீர். அடுத்தது வேர்முடிச்சு நூற்புழு: திடமான செடி திடீரென வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருக்கும். வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள், பக்கத்தில் துலுக்கச் சாமந்தி வையுங்கள்.

சால்வியாவையும் இதே முறையில் வளர்க்கலாம். பூ உதிர்ந்த கதிர்களை மட்டும் அவ்வப்போது வெட்டிவிட வேண்டும்.

மருந்துச் செடிதானே என்று வேரைக் கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். ஃபோர்ஸ்கோலின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்; பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது வம்பு.