ஒரு பில் பேரேட்டுக்குப் போகும் வழி

"தம்பி, இந்த பில்லுல ஒண்ணுமே தெரியலையே?"

"போன வாரம்கூட நல்லாத் தெரிஞ்சுதுக்கா."

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு மேசையின் முன்னால் இந்தப் பேச்சு எழாத அலுவலகம் அபூர்வம். ஊர் ஊராகச் சுற்றிவந்த விற்பனைப் பிரதிநிதி சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தை பில்லை எடுத்து வைக்கிறார். பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாக இருக்கிறது. அவர் மேல் தவறில்லை. பில் மெஷினில் மை கிடையாது. அந்தத் தாளின் மேல் நிறமற்ற ஒரு சாயமும், அதைக் கறுக்கச் செய்யும் இன்னொரு பொருளும் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. மெஷினின் சூடான முனை பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகத் தெரிகின்றன. வெளிச்சமும் கை எண்ணெயும் பர்சின் பிளாஸ்டிக்கில் இருக்கும் வேதிப்பொருளும் அந்தச் சேர்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிடுகின்றன. சாயம் பழையபடி நிறமற்றுப் போகிறது. செலவு நடந்தது உண்மை. அதற்கான சாட்சி மட்டும் அழிந்துவிடுகிறது.

இப்போது பல நிறுவனங்களில் பில் கைக்கு வந்ததுமே செல்போனில் படம் எடுத்துவிடுகிறார்கள். படம் செலவு மேலாண்மை மென்பொருளுக்குப் போகிறது. மேலாளர் ஒப்புதல் தந்ததும் அது தானாகவே கணக்கு மென்பொருளில் பதிவாகிவிடுகிறது. "ரெண்டையும் இணைச்சாச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இணைப்புக்குள் கணிதம், வரிச் சட்டம், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிய ஒரு கணக்கு முறை எல்லாம் சில நொடிகளில் சந்தித்துக்கொள்கின்றன. ஒரே ஒரு பில்லின் பின்னால் போய்ப் பார்த்தால் அது புரியும்.

எழுத்தைப் படிக்கும் கணிதம்

சென்னை நிறுவனம் ஒன்றின் ஊழியர் பெங்களூரில் ஓர் இரவு தங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை 8,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 1,440 ரூபாய். மொத்தம் 9,440 ரூபாய்.

படத்தில் நம் கண்ணுக்கு எழுத்து தெரிகிறது. மென்பொருளுக்கோ வெளிச்சமும் இருட்டுமாகக் கோடிக்கணக்கான புள்ளிகள்தான். அது கோணலான தாளை நிமிர்த்தி, நிழலை நீக்கி, வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வடிவமும் எந்த எழுத்தாக இருக்கக்கூடும் என்று கணிக்கிறது. மங்கிய பில்லில் 8 என்ற எண்ணும் பி என்ற ஆங்கில எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். பூஜ்யமும் ஓ எழுத்தும் அப்படித்தான். ஹோட்டலின் ஜிஎஸ்டி எண்ணில் இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும்?

அதற்கான காவல் அந்த எண்ணுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணில் முதல் ஐந்து இடங்களும் எழுத்துகள், அடுத்த நான்கும் எண்கள், கடைசி ஒன்று எழுத்து. ஆகவே எண் வரவேண்டிய இடத்தில் பி போலத் தெரிந்தால் அது 8 ஆகத்தான் இருக்க வேண்டும்.

இதைத் தாண்டியும் பிழை நுழைந்தால், பதினைந்தாவது இடத்தில் இருக்கும் குறி பிடித்துவிடும். அது யாரும் விருப்பப்படி தேர்ந்த குறியல்ல. முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்கிட்ட விடை. 0 முதல் 9 வரையும் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுமாக 36 குறிகளுக்கு 0 முதல் 35 வரை மதிப்பு. பதினான்கு இடங்களின் மதிப்புகளையும் மாறி மாறி 1, 2 ஆகியவற்றால் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு விடையையும் 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்த தொகை 36-இன் மடங்காக ஆவதற்கு இன்னும் எவ்வளவு வேண்டுமோ, அதுவே கடைசிக் குறி. பதினான்கில் எந்த ஓர் இடம் மாறினாலும் இந்த விடை தவறாமல் மாறிவிடும். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கோரிய யுக்தியின் விரிவு இது. வங்கி அட்டைகளின் எண்ணையும் அதே யுக்திதான் காக்கிறது.

ஊர் மாறினால் கணக்கு மாறும்

பில்லைச் சரியாகப் படித்தாயிற்று. 9,440 என்ற தொகையை அப்படியே கணக்கு மென்பொருளில் எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?

முடியவில்லை, ஏனென்றால் இரண்டு மென்பொருள்களும் கேட்கும் கேள்விகள் வேறு வேறு. செலவு மென்பொருள், 'யார் செலவழித்தார், எங்கே, எதற்காக, விதிக்கு உட்பட்டதா, யார் ஒப்புதல் கொடுத்தார்' என்று கேட்கிறது. கணக்கு மென்பொருளின் கேள்வி, 'இதனால் நிறுவனத்திடம் என்ன கூடியது, என்ன குறைந்தது, யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்பது. முதல் கேள்வியின் விடையை இரண்டாவது கேள்வியின் விடையாக மொழிபெயர்த்துத் தருவதே இணைப்பின் உண்மையான வேலை.

இந்த மொழிபெயர்ப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை அதே ஹோட்டல் பில்லே காட்டும். ஹோட்டலில் தங்குவதைப் பொறுத்தவரை, சேவை நடந்த இடம் அந்தக் கட்டடம் நிற்கும் மாநிலம் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். அதனால் பெங்களூர் பில்லில் இருக்கும் 1,440 ரூபாய், மத்திய ஜிஎஸ்டி 720, கர்நாடக மாநில ஜிஎஸ்டி 720 என்று பிரிகிறது. நம் சென்னை நிறுவனம் தமிழ்நாட்டில் மட்டுமே பதிவு செய்திருந்தால் கர்நாடகத்தில் கட்டிய அந்த வரியைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. வரியும் செலவோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே பயணச் செலவு 9,440 ரூபாய்.

அதே ஊழியர், அதே வாடகையில் கோயம்புத்தூரில் தங்கி, நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கியிருந்தால்? 1,440 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அப்போது பயணச் செலவு 8,000 ரூபாய் மட்டுமே. தொகை, வேலை, ஊழியர் எதுவும் மாறவில்லை. 29 என்பது 33 ஆனது, அவ்வளவுதான். அந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்து வழி பிரித்து அனுப்பத் தெரிந்த இணைப்புதான் நல்ல இணைப்பு. தெரியாவிட்டால், உரிமையில்லாத வரியைக் கோரியதாக நோட்டீஸ் வரும். அல்லது உரிமையுள்ள பணம் சத்தமில்லாமல் கைவிட்டுப் போகும்.

பற்றும் வரவும்

கணக்கு மென்பொருளுக்குள் எந்தத் தொகையும் தனியாக நுழைய முடியாது. ஓரிடத்தில் பற்று எழுதினால் இன்னோரிடத்தில் அதே அளவு வரவு எழுத வேண்டும். இத்தாலிய வணிகர்களின் வழக்கத்தில் வளர்ந்த இந்த இரட்டைப் பதிவு முறையை, துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தன் கணித நூலில் விளக்கினார். இன்றைய கணினியும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது.

நம் பெங்களூர் பில்லில், பயணச் செலவு லெட்ஜரில், அதாவது பேரேட்டில், 9,440 பற்று. வரவு எங்கே? ஊழியர் தன் கைப்பணத்தைக் கொடுத்திருந்தால் ஊழியருக்குத் தர வேண்டிய கணக்கில் வரவு. நிறுவன அட்டையில் கட்டியிருந்தால் அட்டைக் கணக்கில் வரவு. இங்கேதான் பல இடங்களில் இடறல் வருகிறது. அட்டைச் செலவு வங்கித் தரவின் வழியாகவும் கணக்கு மென்பொருளுக்கு வந்து சேரும். இரண்டும் ஒரே செலவுதான் என்று பொருத்திப் பார்க்காவிட்டால் ஓர் இரவுத் தங்கல் கணக்கில் இரண்டு இரவாகிவிடும்.

பற்றும் வரவும் ஒரு பைசா வித்தியாசமில்லாமல் சரியாக இருக்க வேண்டும் என்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் பல நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று விடை சொல்லும். மூன்றில் ஒரு பங்கை நம் தசம முறையில் 0.333 என்று முடிவில்லாமல் எழுத வேண்டியிருப்பதைப்போல, பத்தில் ஒரு பங்கைக் கணினியின் இரும முறையில் முடித்து எழுத முடியாது. எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால் கவனமாக எழுதப்பட்ட மென்பொருள்களில் ஒரு வழக்கம், ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது. 9,440 ரூபாய் அங்கே 9,44,000 பைசா.

போய்ச் சேர்ந்ததா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ போன்ற நிறுவனங்கள் செலவு மென்பொருள், கணக்கு மென்பொருள் இரண்டையுமே தருகின்றன. அங்கே இணைப்பு வீட்டுக்குள் அறை மாறுவதைப்போல. ஆனால் நம் ஊரின் பல அலுவலகங்களில் கணக்கு இருப்பது டேலி என்ற கணக்கு மென்பொருளில், அதுவும் அலுவலகத்துக் கணினியிலேயே. செலவு மென்பொருளோ இணையத்தில் எங்கோ ஓடுகிறது. நடுவில் ஒரு பாலம் வேண்டும். இணையத்திலிருந்து வவுச்சரை, அதாவது செலவின் பற்று வரவுப் பதிவை, வாங்கி, டேலி புரிந்துகொள்ளும் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதி, டேலி காதைத் திறந்துவைத்திருக்கும் 9000 என்ற எண்ணுள்ள வாசலில் கொடுக்கிறது ஒரு சின்ன நிரல். அது சொல்லும் லெட்ஜர் பெயர் டேலியில் இல்லாவிட்டால் வவுச்சர் உள்ளே போகாது.

இனி இந்தக் கதையின் மிக அழகான சிக்கல். பாலம் வவுச்சரை அனுப்பிவிட்டது. "கிடைத்தது" என்ற பதில் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. வவுச்சர் பதிவானதா, இல்லையா? பதிவாகவில்லை என்று மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பதிவாகலாம். பதிவாகியிருக்கும் என்று சும்மா இருந்தால் ஒரு முறைகூடப் பதிவாகாமல் போகலாம். எத்தனை முறை பதிலுக்குப் பதில் அனுப்பினாலும், கடைசியாக அனுப்பியவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் மிஞ்சியே தீரும். நம்ப முடியாத தொடர்பின் வழியே இரு தரப்பும் முழு உறுதியை எட்டவே முடியாது என்பதைக் கணினி அறிஞர்கள் 1970-களிலேயே காட்டிவிட்டார்கள். 'இரண்டு தளபதிகள் புதிர்' என்று அதற்குப் பெயர்.

தீர்வை நம் கல்யாண வீடுகளில் பார்க்கலாம். கூட்ட நெரிசலில் கவரைக் கொடுத்த மாமாவுக்குத் தன் மொய்யை எழுதினார்களா என்று சந்தேகம். மறுபடி போய்க் கேட்கிறார். எழுதுபவர் ஊரையும் பெயரையும் நோட்டில் தேடுகிறார். இருந்தால், "எழுதியாச்சு மாமா" என்கிறார், இல்லாவிட்டால் எழுதிக்கொள்கிறார். மாமா எத்தனை முறை கேட்டாலும் மொய் ஒன்றுதான். மென்பொருளும் இதையே செய்கிறது. ஒவ்வொரு செலவுக்கும் வேறெதற்கும் வராத ஓர் அடையாள எண் பிறக்கும்போதே கொடுக்கப்படுகிறது. வாங்கும் பக்கம் அந்த எண் ஏற்கெனவே இருந்தால் புதிதாக எழுதாது. அனுப்புபவர் சந்தேகம் வரும்போதெல்லாம் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். உறுதி கிடைக்காத உலகத்தில் தவறு நேராமல் பார்த்துக்கொள்ள மனிதர்கள் கண்ட வழி இது.

திரும்பும் வழி

இந்தப் பாதையில் முன்னால் போக முடிவதைப்போலவே பின்னாலும் வர முடிய வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும்; அந்தப் பதிவை அணைத்துவைக்கக் கூடாது. செலவு மென்பொருளும் கணக்கு மென்பொருளும் ஒழுங்காக இணைந்திருந்தால், ஆண்டு முடிவில் பயணச் செலவு என்ற ஒற்றைத் தொகையிலிருந்து லெட்ஜருக்கும், லெட்ஜரிலிருந்து வவுச்சருக்கும், வவுச்சரிலிருந்து ஒப்புதல் தந்தவர் பெயருக்கும், கடைசியில் பில்லின் படத்துக்கும் வந்துவிடலாம்.

இது தணிக்கையாளருக்கு மட்டும் உதவும் வசதியன்று. கைக்காசைப் போட்டு நிறுவனத்துக்காக ஊர் சுற்றியவருக்கு அந்தப் பணம் திரும்ப வர வேண்டும். தாள் வெளுத்துவிட்ட ஒரே காரணத்தால் அவர் சந்தேகத்துக்கு ஆளாகக் கூடாது. மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி வரை பில்லைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு அக்காவும் நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

பெங்களூர் பில் இதற்குள் அந்தத் தம்பியின் சட்டைப் பையில் முழுதாக வெளுத்திருக்கும். அக்கா இப்போது அதைக் கேட்பதில்லை. வவுச்சரைத் திறக்கிறார், அறை வாடகை 8,000 என்ற வரி, மெஷினிலிருந்து வந்த அன்று இருந்த அதே கறுப்பில் திரையில் இருக்கிறது.