தோலின் அரணுக்குப் பெப்டைடு என்ன செய்கிறது?

தோலின் பாதுகாப்பு அரணைப் பலப்படுத்தும் என்ற வாசகத்தோடு பெப்டைடு க்ரீம்கள் விற்கப்படுகின்றன. அந்த அரண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். மேல்தோலின் வெளிவிளிம்பில், சுமார் 0.02 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு படலம். அதிலுள்ள செல்கள் எல்லாம் இறந்தவை. செங்கல் போல அவை அடுக்கியிருக்க, இடுக்குகளில் சாந்தாக நிற்பது கொழுப்பு: எடையில் ஏறக்குறைய பாதி செராமைடு, மீதியில் பெரும்பங்கு கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உடலின் ஈரம் ஆவியாகிவிடாமல் தடுப்பதில் முக்கியப் பங்கு இந்தச் சாந்துக்குத்தான்.

பெப்டைடோ, சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. க்ரீம்களில் அதிகம் பேசப்படும் ஐந்து அமினோ அமிலத் துண்டு, கொலாஜனின் முன்னோடிப் புரதமான புரோகொலாஜனின் ஒரு பகுதி. ஆய்வகத்தில் வளர்த்த செல்களை அது புதிய கொலாஜன் செய்யத் தூண்டுகிறது. அந்தச் செல்களின் இருப்பிடம் உள்தோல், அரணுக்கு வெகு கீழே. அங்கே போய்ச் சேர அரணையே கடந்தாக வேண்டும். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நல்ல தோலை எளிதில் ஊடுருவுவதில்லை என்று 2000-ல் போஸ், மெய்னார்டி என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். இந்தத் துண்டு அந்த எல்லையைத் தாண்டியது. அதனால்தான் அதன் முனையில் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு வாலை ஒட்டுகிறார்கள். எடை இன்னும் கூடினாலும், கொழுப்புச் சாந்தோடு கலந்து நகர அந்த வால் உதவுகிறது. நல்ல வேதியியல்தான், மறுக்க வேண்டியதில்லை.

சோதனையில் பலன் தெரிந்ததே என்று கேட்கலாம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் 93 பெண்கள் 12 வாரம் முகத்தின் ஒரு பாதியில் இந்தப் பெப்டைடு சேர்த்த க்ரீமையும் மறுபாதியில் அது சேர்க்காத க்ரீமையும் பூசினார்கள். பெப்டைடு பத்து லட்சத்தில் 3 பங்குதான். ஆனாலும் அதைப் பூசிய பாதியில் சுருக்கம் கூடுதலாகக் குறைந்தது. சமிக்ஞையாக வேலை செய்யும் பொருளுக்குச் சொற்ப அளவே போதும் என்பதால், அளவு குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே பலனாகச் சொல்லப்பட்டது சுருக்கம் குறைந்தது என்பதுதான். அரண் பலப்பட்டதா என்பது வேறு கேள்வி. அதற்குத் தோல் வழியே ஆவியாகும் நீரை அளக்க வேண்டும். பூசியதும் தோல் மிருதுவாகிறதே என்றால், அதற்கு க்ரீமின் அடிப்படையிலுள்ள கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியுமே போதும். பெப்டைடு இல்லாத அதே க்ரீமோடு ஒப்பிடாத எந்தச் சோதனையும் அந்தப் புகழைப் பெப்டைடுக்குத் தர முடியாது. வறண்டு வெடித்த தோலுக்கு க்ரீம் வாங்குகிறவர் லேபிளில் முதலில் தேட வேண்டியவை கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, செராமைடு. சுருக்கத்துக்காக வாங்குகிறவர் பெப்டைடைத் தேடலாம்.